ஆள் கிடைக்கிற வரைக்கும்

எங்கள் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆட்களை எழுப்புவதுதான் வேலை. கள்ளக்குறிச்சியில் கிளம்பி, வடக்கனந்தலும் கச்சிராயபாளையமும் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் மலை ஏறத் தொடங்கினால் போதும், முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரைக்கும் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பிக்கும். கரியாலூரில் இறங்க வேண்டியவர் வெள்ளிமலை வரைக்கும் வந்துவிட்டு, "ஏன் எழுப்பல?" என்று என்னிடமே சண்டைக்கு நிற்பார். நான் என்ன கண்டக்டரா, விடியக்காலைச் சேவலா என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை, கொட்டாவிதான் வந்திருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி இல்லை, அந்த பஸ்ஸை ஓட்டிய வியாகுலத்தைப் பற்றி. நான் பொன்னுரங்கம், அவருடைய கண்டக்டர். டிப்போவில் எங்களை மலை ஜோடி என்பார்கள். வீட்டில் மனைவியோடு பேசியதைவிட அவரோடு பேசியதுதான் எனக்கு அதிகம். அப்படி இருந்தும் அந்த மனுஷனுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. டிரைவருடைய முதுகைத்தானே கண்டக்டர் பார்க்கிறான்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை என்று துயரம் சுமந்த வியாகுல மாதாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். "உங்கம்மா உங்களுக்கு சந்தோஷம்னு பேரு வெச்சிருந்தா டிப்போவே நிம்மதியா இருந்திருக்கும்ணே" என்று நான் சொல்லாத வாரம் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு டிராக்டர். இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பை இழுத்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து, ஒரு கழி கீழே விழாமல் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாராம். நல்லா ஓட்டுறியே என்று யாராவது சொன்னால், "கரும்ப நல்லா இறுக்கிக் கட்டியிருந்தாங்க" என்பாராம். கட்டியவர்களில் இவரும் ஒருவராம். இப்போது நினைத்தால் வியாதி அப்போதே ஆரம்பித்துவிட்டது.

லைசென்ஸ் வாங்கிய கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். டெஸ்டுக்குப் போன அன்று மழை கொட்டியதாம். இன்ஸ்பெக்டர் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "போதும் நிறுத்து" என்று குடையோடு இறங்கி ஓடிவிட்டாராம். "மழ பேயலன்னா என்ன பெயில் பண்ணியிருப்பாரு" என்பார். அரசு பஸ்ஸில் வேலை கிடைத்ததும் அப்படித்தானாம். அவருக்கு முன்னால் இருந்த ஒருவனுக்கு நேர்முகத் தேர்வன்று அம்மை போட்டிருந்ததாம். "அவன் எடத்துலதான் நான் ஒக்காந்துக்கினு கீறேன்" என்பார்.

"அவனுக்கு அம்மை எறங்கி, வேற வேல கெடச்சி, புள்ள குட்டியோட எங்கியோ நல்லா இருப்பான். நீங்க இன்னும் அவன் சீட்டத் தொடச்சி வெச்சிக்கினு கீறீங்களே" என்பேன் நான்.

சிரிப்பார். நானும் சிரிப்பேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் திருக்கோவிலூர் ரூட்டில்தான் ஓட்டினார். நேரான ரோடு, நாலு பக்கமும் வயல். மலை ரூட்டை அப்போது ராமசாமி என்பவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் யார் போவது என்று கேள்வி வந்தது. ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்கு மாமியார் உடம்பு சரியில்லை, ஒருவர் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மேனேஜர் வியாகுலத்தைப் பார்த்தார். வியாகுலத்துக்கு 'முடியாது' என்ற வார்த்தை வராது. "ஆள் கிடைக்கிற வரைக்கும் ஓட்டுய்யா" என்றார் மேனேஜர்.

அந்த ஆள் வரவே இல்லை. வருஷங்கள் ஓடின. மேனேஜரே மாறிப் புது மேனேஜர் வந்தார். வியாகுலம் மட்டும் அந்த ஆளை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் டிரைவர்கள் ஒவ்வொருவரும் உட்காரக் குஷன் வைத்திருப்பார்கள். சீட்டோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். வியாகுலத்துக்கு அவர் மனைவி செபஸ்தியம்மாள் பழைய புடவையில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்த குஷன் ஒன்று உண்டு. அதை அவர் தினமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார், டூட்டி முடிந்ததும் இடுக்கிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டதற்கு, "நாளிக்கி வேற ஆளு வந்துட்டா?" என்றார். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தலைகாணி டிரைவர் வந்துட்டாரு" என்று டீ போடுவார்.

மலை அடிவாரத்தில் ஒரு முனியப்பன் உண்டு. காலை முதல் நடையில் அங்கே நிறுத்தி, முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கண்ணாடிக்கு மேலே மாதா படம், கீழே முனியப்பன் எலுமிச்சை, இரண்டுக்கும் நடுவில் வியாகுலம். மேலே போய்ச் சேர்ந்ததும் யாராவது "நல்லா ஓட்டுனீங்க" என்றால், "நான் இன்னா பண்ணேன்? முனியப்பன் ஓட்டுனாரு" என்பார். இல்லாவிட்டால் மாதா. இல்லாவிட்டால் பிரேக்கைச் சரி பார்த்த மெக்கானிக். யாரும் கிடைக்காவிட்டால் நான். "பொன்னுரங்கம் விசில் குடுக்கறது அப்படி." ஆனால் டயர் பஞ்சரானால் அது வியாகுலம் கவனிக்காதது. மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால், வியாகுலம் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும். ஒரு முறை ஒரு ஆட்டுக்குட்டி தானாக ஓடிவந்து நின்ற பஸ்ஸில் முட்டிக்கொண்டது. ஆட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார். இவரும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. பிறகு அவர் இளைக்க ஆரம்பித்தார். டூட்டிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மெக்கானிக் பார்த்த பிரேக்கை இவர் பார்ப்பார், பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடியும் இறங்கிப் போய்ப் பார்ப்பார். சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதோ இல்லையோ கேஸ் மாத்திரை இருக்கும். இதற்கு நடுவில் டபுள் டூட்டி. யார் லீவு போட்டாலும் மேனேஜர் வியாகுலத்தைத்தான் கூப்பிடுவார். தீபாவளிக்கு எங்களுக்காக ஓட்டுவார், கிறிஸ்துமஸ் அன்றும் ஓட்டுவார். பொங்கலுக்கு மட்டும் ஏன் விட வேண்டும் என்று அதற்கும் ஓட்டுவார். "நமக்கு இருக்கிற தெறமைக்கி இதயாவது செய்யலன்னா வேலய உட்டுத் தூக்கிடுவாங்க" என்று ஒரு முறை சொன்னார். நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

செபஸ்தியம்மாள் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, உங்க அண்ணனுக்கு மலை ரோட்டுல பிரேக் இருக்குதா இல்லியா?"

"ஏன் அண்ணி?"

"தூக்கத்துல பிரேக் போடறாரு. என் காலுதான் அவுருக்குப் பிரேக்கு. ஒதச்சி ஒதச்சி கெண்டக்கால் கன்னிப் போச்சி. அதுவும் தூங்குனாத்தான, பாதி நாள் மோட்டுவளையப் பாத்துக்கினு படுத்திருக்காரு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

அந்தத் தை மாதத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது. விபத்தே இல்லாமல் மலை பஸ் ஓட்டியதற்காகக் குடியரசு தினத்தன்று வியாகுலத்துக்குப் பாராட்டு என்று டிப்போ போர்டில் ஒட்டியிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மகள் கல்யாணத்துக்குத் துணி வாங்கி வந்த கையோடு மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று கேட்டவர் மாதிரி அவர் முகம் வெளுத்துவிட்டது. நேராக மேனேஜர் அறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன்.

"சார், அத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க. அப்புறம் என்ன மலையிலேர்ந்து எடுத்துடுங்க."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா? ஒரு கீறல்கூட இல்லாம ஓட்டியிருக்கே?"

"அதாங்க பயமா கீது. இத்தினி நாளு எப்படியோ போயிட்டுது. எனக்கு ஓட்டத் தெரியும்னு எல்லாரும் நெனச்சிக்கினு கீறாங்க. மேடையில வேற ஏத்திட்டீங்கன்னா எல்லாரும் உத்துப் பாப்பாங்க. ஒரு நாளு மாட்டிக்குவேன் சார். அன்னிக்கி வண்டியில அம்பது பேரு இருப்பாங்க."

 மேனேஜர் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். "திங்கக்கிழமை வந்து சொல்லு. அப்பவும் வேணாம்னா திருக்கோவிலூர் ரூட்டுக்கே போட்டுடறேன். மலைக்கு தெய்வசிகாமணி போகட்டும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வெளியே வந்ததும் கத்தினேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியாதா? அப்ப இத்தன வருஷமா உங்க பின்னால நின்னுக்கினு வந்த நான் யாரு, கேணயனா? எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது இல்ல? ஓட்டத் தெரியாதவன் பின்னால ஏறுவேனா?" குஷனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. அழுகைதான் வந்தது.

அந்த வாரத்தில் நடந்ததை எனக்குச் சொன்னது செபஸ்தியம்மாள். வியாகுலம் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவார். வயிற்று வலி என்று அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இந்த அம்மாள்தான் இழுத்துப் போயிருக்கிறார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, வயிறு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் கெட்டிருக்கிறது, கடைசி அறைக்குப் போய் மனநல கவுன்சலிங் மேடத்தைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான், வியாகுலம் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுவிட்டாராம். "எவனாவது பாத்தா லூசுன்னு சொல்லிடுவான்டி. அப்புறம் ஸ்டியரிங்க குடுப்பாங்களா?"

"குடுக்க வேணான்னுதான நீயே போய்ச் சொல்லிட்டு வந்த? பேசாம வாய்யா" என்று இழுத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்.

அந்த பெஞ்சின் மறுகோடியில், இதேபோல் கர்ச்சீப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கர்ச்சீப்பை எடுத்தபோது இவர் துண்டு நழுவியது. எங்கள் மேனேஜர்!

"பல்லு" என்றார் மேனேஜர்.

"எனக்கும் பல்லுதாங்க" என்றார் வியாகுலம்.

பல் டாக்டர் அறை ஆஸ்பத்திரியின் அந்தப் பக்கம், மாடியில் இருக்கிறது. அது இரண்டு பேருக்குமே தெரியும். செபஸ்தியம்மாள் சொன்னார்: "ரெண்டு பேரும் கன்னத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருந்தாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல, இருமற மாதிரி வெளிய ஓடிட்டேன்."

உள்ளே இருந்த மேடத்தின் பெயர் கிரேஸ். சின்ன வயசுப் பெண்ணாம். சாமர்த்தியமாகப் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு ஒரு கேள்வி கேட்டாராம்.

"பஸ் நல்லபடியாப் போய்ச் சேர்ந்தா யாராலன்னு நினைப்பீங்க?"

வியாகுலம் பட்டியல் போட்டார். முனியப்பன், மாதா, மெக்கானிக், பொன்னுரங்கம், மழை பெய்யாதது.

"டயர் பஞ்சரானா?"

"என்னாலதாங்க."

"நல்லதுக்கு இத்தனை பேரைப் பங்காளி சேர்க்கறீங்க. கெட்டதுக்கு ஒருத்தர்கூடக் கிடைக்கலையா சார் உங்களுக்கு?"

 செபஸ்தியம்மாளுக்கு அந்த மேடத்தை வீட்டுக்குக் கூட்டிப் போய் மீன் குழம்பு வைத்துப் போட வேண்டும் போல இருந்ததாம். ஒரு நாள் மாட்டிக்கொள்வோம் என்ற இந்தப் பயம் நிறைய பேருக்கு வருவதுதான், படித்த டாக்டர்களுக்கும் வருகிறது, இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர்கூட இருக்கிறது என்று மேடம் சொன்னாராம். பெயரைப் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஞாபகம் வைத்திருந்து, சைக்கிள் ஸ்டாண்டில் தொலைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குத் தூக்க மாத்திரை, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, இஷ்டமில்லாத டபுள் டூட்டிக்கு முடியாது என்று சொல்லிப் பழகுவது, இவ்வளவுதான் வைத்தியம். "முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மாத்திர இருந்தா குடுங்கம்மா" என்று கேட்டாராம் வியாகுலம். அவர் ஜோக் அடித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. செபஸ்தியம்மாளுக்கு அதிலேயே பாதி உயிர் வந்துவிட்டது.

ஆனாலும் மலை வேண்டாம் என்பதில் அவர் மாறவில்லை. லீவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, கரியாலூர்ப் பக்கம் வேடியப்பன் வீட்டில் காதுகுத்து. எங்கள் பஸ்ஸிலேயே பழகியவர், நேரில் வந்து அழைத்திருந்தார். போகாமல் இருக்க முடியாது. ஆகவே மத்தியான நடையில் வியாகுலம் டிக்கெட் எடுத்துக்கொண்டு பயணியாக ஏறினார். ஓட்டுவது தெய்வசிகாமணி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல டிரைவர்தான், வயசுப் பையன், சமவெளிக் கை. வளைவுக்குக் கிட்டே போய்த்தான் பிரேக்கைத் தொடுவார், திரும்பியதும் ஒரே மிதி.

வியாகுலம் மூன்றாவது சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். முன் சீட்டில் சின்னப்பொண்ணு. மலையிலிருந்து புளி கொண்டுவந்து கள்ளக்குறிச்சியில் விற்றுவிட்டு, காலிச் சாக்கோடு திரும்புகிற அம்மாள். கோமுகி தாண்டியது. முனியப்பன் தாண்டியது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது.

அன்றைக்கு ஒரு தலையும் சாயவில்லை. எல்லோரும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பெண்கள் மூக்கில் எலுமிச்சம்பழம். பின் சீட்டில் ஒருவர் பிளாஸ்டிக் பை கேட்டார். இரண்டாவது வளைவில் ஒரு அம்மாள் "அய்யோ முனியப்பா" என்று சத்தமாகவே கூப்பிட்டார்.

டிக்கெட் கொடுத்துக்கொண்டே வியாகுலத்திடம் வந்தேன். அவர் பஸ் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பொன்னுரங்கம், இன்னிக்கி ஒருத்தரும் சாமி கும்புடலியே?"

"இன்னா சாமி?"

"நான் ஓட்டும்போது கும்புடுவாங்களே. கண்ணாடியில தெனம் பாக்கறேனே. மலை ஏற ஆரம்பிச்சதும் எல்லாம் கண்ண மூடிக்கினு, தலையக் குனிஞ்சிக்கினு, முன் கம்பியில நெத்திய வெச்சிக்கினு கும்புடுவாங்க. எறங்கும்போது பாரு, 'சாமி புண்ணியத்துல வந்து சேந்தோம்'னுட்டு எறங்குவாங்க. எம்மேல அவ்ளோ பயம் ஜனங்களுக்கு."

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. இத்தனை வருஷம், ஒவ்வொரு வளைவிலும், இந்த மனுஷன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்கள் உயிருக்காக ஐம்பது பேர் கண் மூடி வேண்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

"அண்ணே" என்றேன், "அது சாமி கும்புடறது இல்லண்ணே. தூக்கம்."

"சும்மா சொல்லாத."

"தூக்கம்ணே! கொறட்ட கேக்காதா உங்களுக்கு? எழுப்பி எழுப்பி என் தொண்ட போச்சி. உங்ககிட்ட எத்தினி தடவ பொலம்பியிருக்கேன்?"

"டிக்கெட் எடுக்காம இருக்கத் தூங்கறாப்புல நடிக்கிறாங்கன்னு சொல்றியோன்னு நெனச்சேன்."

முன் சீட்டில் இருந்த சின்னப்பொண்ணு எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தார். மெதுவாகத் திரும்பினார். அப்போதுதான் யார் என்று பார்த்திருக்கிறார்.

"டைவர் தம்பியா? நீ ஏன் இங்க ஒக்காந்துக்கினு கீற?"

"லீவும்மா. இனிமே வேற ஆளு வருவாங்க."

"அதெல்லாம் வேணாம். நீ அங்க போயி ஒக்காரு. சந்தையில காலையிலேர்ந்து கத்திட்டு வர்றேன், வூட்டுக்குப் போனா அடுப்பு, மாடு, எல்லாம் காத்துக்கினு கெடக்கும். உன் வண்டியில ஏறுனாத்தான் எனக்கு செத்த தூக்கம். நீ அங்க ஒக்காந்தா நான் இங்க தூங்குவேன். தோ பாரு, இன்னிக்கி ஒருத்தர் கண்ணாவது மூடுதா?"

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார், அடுத்த வளைவு வந்துவிட்டது.

வியாகுலம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரியாலூர் வரைக்கும் திரும்பவில்லை. துண்டு மட்டும் முகத்துக்குப் போய்ப் போய் வந்தது.  பின் சீட்டில் ஒருவர் மீதிச் சில்லறை கேட்டார், இந்த நேரத்திலா கேட்பது என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

இறங்கும்போது வியாகுலம் படியில் நின்று, "எல்லாருமே தூங்குனாங்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும்."

"மொத்த ஜனமுமா?"

"நான்கூட ரெண்டு தடவ தூங்கியிருக்கேன்ணே. மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க."

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்கு அவரோடு நானும் போனேன். கூப்பிடாமலே போனேன், அது என் சுபாவம்.

"திருக்கோவிலூர் வேணாங்க. மலையே குடுங்க" என்றார் வியாகுலம். மேனேஜர் சிரித்தார். இவர் போகாமல் நின்றார். கை இரண்டும் குஷனைப் பிசைந்துகொண்டிருந்தது. "இன்னொண்ணுங்க. டபுள் டூட்டிக்கி இனிமே என்னக் கூப்புடாதீங்க. ஞாயித்துக்கெழம வர முடியாதுங்க. தூக்கம் கம்மியா இருந்தா மலை ஏத்த மாட்டேங்க. முடியாதுங்க."

ஒரே மூச்சில் இத்தனை 'முடியாது'. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் பேனாவை மூடினார். "பல்லா?" என்று கேட்டார்.

"பல்லுதாங்க."

"சரி. எனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றார் மேனேஜர். அடுத்த வாரம் டபுள் டூட்டியைச் சுற்றில் விட்டார், யாருக்கும் தொடர்ந்து வராத மாதிரி. எங்கள் டிப்போவில் இன்றைக்கும் ஒருவன் களைத்துப் போய், மனசு சரியில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டால், "பல்லு சார்" என்பான். லீவு கிடைக்கும். சில பேர் அதைச் சினிமாவுக்குப் போகவும் பயன்படுத்துகிறார்கள், அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

குடியரசு தினத்தன்று மேடையில் பெயர் கூப்பிட்டபோது வியாகுலம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று. நான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். ஒரேயடியாகக் குணமாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் சில காலைகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாதம் ஒரு முறை கிரேஸ் மேடத்தைப் பார்த்துவிட்டு வருவார், முக்காடு இல்லாமல். பிரேக்கை ஒரு முறைதான் பார்ப்பார். செபஸ்தியம்மாளின் கெண்டைக்கால் தேறிவிட்டது.

பாராட்டு வாங்கிய மறுநாள் காலை நான் டிப்போவுக்குப் போனபோது அவர் இன்னும் வரவில்லை. வண்டியில் ஏறிப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் அந்த இலவம்பஞ்சுக் குஷன் இருந்தது. நாலு மூலையிலும் புதுக் கயிறு போட்டு, சீட்டோடு இறுக்கிக் கட்டியிருந்தது. கரும்பு லோடு கட்டிய கை இல்லையா, முடிச்சு அசையவில்லை.

கை வீசிக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்தார்.

"இன்னாண்ணே, குஷன வண்டியிலயே உட்டுட்டீங்க? நாளிக்கி வேற ஆளு வந்துட்டா?"

கண்ணாடியை என் பக்கம் திருப்பி, அதில் என்னைப் பார்த்தார்.

"ஆளு கெடச்சாச்சி பொன்னுரங்கம். விசிலக் குடு."

கொடுத்தேன்.